கனால் து மிதி கரையில் வாடகை சைக்கிள்: 265 யூரோ போன கதை

பிரான்ஸின் தெற்கே கனால் து மிதி என்ற கால்வாயின் கரையோரமாகச் சைக்கிளில் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போகாதீர்கள் என்று சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். சைக்கிளை வாங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் செய்யாதீர்கள்.

மே கடைசியில் நானும் மனைவியும் போயிருந்தோம். கார்க்காசோனில் கோட்டையைப் பார்த்துவிட்டு அங்கிருந்து பெசியே வரை சைக்கிள். கால்வாயை ஒட்டியே சுமார் 100 கிலோமீட்டர், மூன்று நாள் திட்டம். இணையத்தில் ஒரு வாடகைக் கடை கிடைத்தது. பெசியேவில் விட்டுவிட்டால் அவர்களே வேனில் வந்து எடுத்துக்கொள்வார்களாம். இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து 600 யூரோ டெபாசிட் என்று கிரெடிட் கார்டில் பிடித்து வைத்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், கடை மூடும் நேரம். நீட்டிய தாள் முழுக்க பிரெஞ்சு. "பாதை எப்படி?" என்று கேட்டேன். "எல்லாம் நல்ல பாதை, குழந்தைகள்கூடப் போகலாம்" என்றார் கடைக்காரர். சைக்கிளைப் பார்த்தால் ஊருக்குள் ஓட்டுகிற ஒல்லி டயர். என் வண்டியின் பின் மட்கார்டில் ஒரு விரிசல் வேறு. மனைவி, "எல்லாத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கலாமாங்க?" என்றாள். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "விடும்மா, இதெல்லாம் ஐரோப்பா" என்று பெரிய மனுஷன் மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

துலூஸ் பக்கம் கால்வாய்க் கரையில் தார் போட்ட சைக்கிள் பாதை உண்டு. இணையத்தில் நாம் பார்க்கிற அழகான படங்களில் பாதி அங்கே எடுத்ததுதான். கார்க்காசோனுக்குக் கிழக்கே கதை வேறு. த்ரெப் தாண்டியதும் பல இடங்களில் வெறும் மண் தடம், ஒரு ஆள் அகலம், குறுக்கே பிளேன் மரத்து வேர்கள். மழைக்குப் பிறகு சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. மரம் இருந்த இடத்தில் வேர், மரம் இல்லாத இடத்தில் வெயில். கரையோரம் நின்ற மரங்களுக்குப் பூஞ்சை நோய் வந்து, 2006இலிருந்து பத்தாயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். நிழல் இல்லாத நீண்ட துண்டுகள் நிறைய.

மர்செய்யெத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் பின் டயர் பஞ்சர். பையைத் திறந்தால் ஒட்டு இருக்கிறது, பசை காய்ந்து கிடக்கிறது, மாற்று டியூப் இல்லை. '24 மணி நேர உதவி' எண்ணுக்கு ஏழு முறை போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. அன்று ஞாயிறு. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஞாயிறு மதியம் என்றால் ஒரு கதவு திறந்திருக்காது. இரண்டு மணி நேரம் தள்ளிக்கொண்டே நடந்தோம். கடைசியில் படகில் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு டச்சுக் கிழவர் தன்னிடமிருந்த டியூபைக் கொடுத்து, மாட்டியும் விட்டார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. அர்ஜான்ஸிலிருந்து பெசியே வரை 54 கிலோமீட்டருக்குப் படகை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றுகூடக் கிடையாது, தண்ணீர் மலைச்சரிவை வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டு போகிறது. ஆற்றின் மேலே கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகும் ரெப்யூத்ர் பாலம், 1670களில் குன்றைக் குடைந்த மல்பாஸ் சுரங்கம், கடைசியில் ஃபோன்செரானில் படகுகள் படிப்படியாக 21 மீட்டருக்கு மேல் இறங்கும் மதகு வரிசை. அங்கே மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இதைக் கட்டிய பியேர்-பால் ரிக்கே அரசாங்கத்துக்கு உப்பு வரி வசூலித்தவர். 1681இல் கால்வாய் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே செத்துப்போனார், பிள்ளைகள் தலையில் கடனோடு. பெசியே அவருடைய சொந்த ஊர், நடு ஊரில் சிலை வைத்திருக்கிறார்கள். எங்களிடம் வரி வசூலிக்க ஆள் இன்னும் வரவில்லை.

ஐந்து மணிக்கு வரவேண்டிய வேன் ஏழரைக்கு வந்தது. டிரைவர் சைக்கிள்களை நின்று பார்க்கக்கூட இல்லை, தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாங்கிக்கொண்டதற்குச் சீட்டு கேட்டேன், "தேவையில்லை" என்று கையை ஆட்டினார். அந்த இடத்தில் நான் விட்டிருக்கக் கூடாது.

நாலாம் நாள் மெயில்: பின் ரிம் கோணல் 170, மட்கார்டு உடைப்பு 70, டியூப் 25. மொத்தம் 265 யூரோ டெபாசிட்டிலிருந்து எடுத்தாகிவிட்டது. அந்த டியூப் டச்சுக் கிழவருடையது! இன்சூரன்ஸ் என்று தனியாக வாங்கினார்களே என்று கேட்டால், அது திருட்டுக்கு மட்டும், சக்கரத்துக்கு இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட தாளில் பொடி எழுத்தில் இருக்கிறதாம்.

செய்தது இவ்வளவு. பிரெஞ்சு அரசின் சிக்னல்கோன்சோ தளத்தில் புகார் போட்டேன். அந்த நாட்டில் ஒவ்வொரு கடையும் வாடிக்கையாளர் தகராறுக்கு ஒரு சமரசக்காரர் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டுக் கடைக்கு இரண்டு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. பிறகு கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதிவு செய்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் எடுத்த படம் இருக்கிறதா?"

என்னிடம் ஒன்றும் இல்லை. மனைவியிடம் ஒன்று இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சைக்கிளோடு நின்று ஒன்று எடுத்து அவள் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. அவள் தோளுக்குப் பின்னால் என் சைக்கிள், அதில் அந்த மட்கார்டு விரிசல் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு மாதம் கழித்து மட்கார்டுக் காசு 70 யூரோ திரும்பி வந்தது. ரிம் அந்தப் படத்தில் விழவில்லை.