பாலாடையா, பாட்டிலா?

பத்தாம் நாள் ராத்திரி. மேற்கு மாம்பலத்து வீட்டில் கரண்ட் வேறு போய்விட்டது. பிள்ளை மார்பில் வாய் வைப்பான், இரண்டு இழுப்பு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுவான். எனக்கோ பால் கட்டிக் கல்லாக இருந்தது. கையால் பீய்ச்சி எடுத்துவிட்டேன். எதில் கொடுப்பது? அம்மா வெள்ளிப் பாலாடையை, அதான் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தை, நீட்டினார்; என் கணவர் பாட்டிலை.

பாட்டில் வசதிதான், யாரும் கொடுக்கலாம். ஆனால் மார்பில் வாயை அகலத் திறந்து உழைக்க வேண்டும். ரப்பர் காம்பில் பால் தானாக வரும். அந்தச் சுகம் பழகினால் சில குழந்தைகள் மார்பில் அடம்பிடிக்கும். இடுக்குகளில் பால் படிந்தால் கிருமி வேறு. பால் பாட்டில் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது சும்மா இல்லை.

பாலாடைக்குப் பொறுமை வேண்டும். தலையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை அவன் உதட்டோரம் வைத்தால் அவனே நாக்கை நீட்டி நக்குவான். அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். எங்களுக்குப் பாதி கழுத்து மடிப்பில்தான் போனது! கழுவிக் கொதிக்கவைப்பது மட்டும் சுலபம்.

நான் பாலாடை பக்கம். அதுவும் இடைக்காலத்துக்குத்தான், வீறிடும் முன்பே, கையைச் சப்பத் தொடங்கும்போதே மார்பில் போட்டுப் பார்த்தேன். எதில் கொடுத்தாலும் சரி, முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளில் 6 தடவைக்கும் குறைவாக மூத்திரம் போனால் டாக்டரிடம் ஓடுங்கள்.