மாரா, நுடுட்டு, எட்டோஷா: மறிமான்களைப் படமெடுக்க எந்தச் சமவெளி?

கென்யாவின் மசாய் மாராவையும் தான்சானியாவின் செரங்கெட்டியையும் நமீபியாவின் எட்டோஷாவையும் ஒப்பிடும் பயணக் குறிப்புகள் பெரும்பாலும் சிங்கத்தையும் சிவிங்கிப்புலியையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அவற்றில் மான்கள் இரையாகவோ, அடிவானத்தை நிரப்பும் மந்தையாகவோ மட்டும் தலைகாட்டும். டோப்பி, இம்பாலா, தாம்சன் கெசல், ஸ்பிரிங்பாக், கெம்ஸ்பாக் ஆகியவற்றைப் படமெடுப்பதற்கென்றே பணம் சேர்த்துப் புறப்படுகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. இவை எல்லாமே எல்லா இடத்திலும் இல்லை; ஆனால் அந்தந்த இடத்துக்குரியவை அங்கே தாராளமாக இருக்கின்றன. தேடி அலைய வேண்டியதே இல்லை. வண்டியை எங்கே நிறுத்த விடுவார்கள், லென்ஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும், நிறுத்திய இடத்தில் ஒளி எந்தப் பக்கமிருந்து விழும் என்ற மூன்றும்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த ஒப்பீடு அவற்றை வைத்தே நடக்கிறது.

சொல்லைப் பற்றி ஒரு சிறு விளக்கம். தமிழில் நாம் பொதுவாக 'மான்' என்று சொல்லிவிடுகிறோம். புள்ளிமானும் கடமானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்ப்பவை. ஆப்பிரிக்கச் சமவெளிகளில் இருப்பவையோ உதிராத, கிளைக்காத கொம்புடைய மறிமான்கள். நம் கோடியக்கரையில் மேயும் வெளிமான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தாம்சன் கெசலுக்கும் ஸ்பிரிங்பாக்குக்கும் அது நெருங்கிய உறவு. மாடு போலத் தோன்றும் வைல்டபீஸ்டும் மறிமானே.

முதலில் உயரம். கிழக்கு ஆப்பிரிக்காவில் வழக்கமாகக் கிடைக்கும் வண்டி, கூரை திறக்கும் லேண்ட் க்ரூசர். அதில் எழுந்து நின்று கூரை விளிம்பில் லென்ஸை வைத்தால் அது தரையிலிருந்து ஏறத்தாழ 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். தாம்சன் கெசலின் தோள் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். தலை நிமிர்ந்து நின்றால் கண் 80 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். 20 மீட்டர் தொலைவிலிருந்து அதன் கண்ணை நோக்கினால், அந்தப் பார்வைக் கோடு விலங்குக்குப் பின்னே 11 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். ஆகவே தலைக்குப் பின்னணியாக வருவது குச்சியும் சருகும் தெளிவாகத் தெரியும் புல்தரை. அதே விலங்கை 70 மீட்டருக்கு விலகி நின்று எடுத்தால் கோடு 40 மீட்டர் பின்னே போய்த் தொடும். பின்னணி கரைந்து ஒரே நிறமாகும். சாதாரணச் சிறிய காரின் சன்னலில், 1.1 மீட்டர் உயரத்தில் லென்ஸை வைத்தாலோ, 20 மீட்டரிலேயே பின்னணி 50 மீட்டருக்கு அப்பால் போய்விடுகிறது. உயரமான வண்டியில் நிற்பவருக்கு நீண்ட லென்ஸ் தேவைப்படுவது விலங்கைப் பெரிதாக்குவதற்காக என்பதைவிட, விலகி நின்று கோணத்தைத் தாழ்த்துவதற்காக என்றே சொல்லலாம். ஆனால் காலை 9 மணி கடந்து நிலம் சூடேறியதும் கானல் எழுந்து 70 மீட்டர் படத்தைக் குழப்பிவிடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதற்கு மாற்றாகாது.

மசாய் மாரா என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வேறு இடங்கள். ஒன்று, ஏறத்தாழ 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியக் காப்பகம். இங்கே தடத்தை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம், 2024இல் மாற்றப்பட்டபடி, ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மற்றொன்று, காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மாரா நார்த், ஓலாரே மோட்டரோகி, நபோய்ஷோ முதலான கன்சர்வன்சிகள். மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மாதந்தோறும் வாடகை பெறும் ஏற்பாடு இது. அங்குள்ள முகாம்களில் தங்குவோர் மட்டுமே உள்ளே உலவலாம். ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. தடத்தை விட்டு இறங்கவும் அனுமதி உண்டு. தங்கும் செலவு மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மறிமான் படக்காரருக்கு இந்த ஒரு சலுகைதான் எல்லாம். வண்டியை ஐந்து மீட்டர் இடப்பக்கம் நகர்த்தினால் பின்னணியில் நிற்கும் முட்செடி விலகும். சுற்றி வந்து மறுபுறம் நின்றால் முன்னொளி பின்னொளியாகும். சிங்கத்தைப் படமெடுப்பவர் எப்படியாவது சிங்கம் கிடைத்தால் போதும் என்றிருக்கலாம். டோப்பியைப் படமெடுப்பவருக்கு அதே டோப்பியைச் சுற்றி வரும் உரிமை வேண்டும்.

டோப்பியை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் படத்துக்கென்றே நிற்கும் மறிமான் அதுதான் என்பது என் எண்ணம். செம்பழுப்பு உடல், தொடையிலும் முகத்திலும் ஊதா கலந்த கருமை, கடுகு நிறக் கால்கள். கறையான் புற்றின் மேல் ஏறி, தன் எல்லையைக் காத்தபடி நெடுநேரம் அசையாமல் நிற்கும். புற்றின் உயரம் சேர்வதால் உயரமான வண்டியின் குறையும் இங்கே மறைந்து, விலங்கின் தலைக்குப் பின்னே வானம் வந்துவிடுகிறது. பக்கவாட்டில் தாழ்ந்த ஒளி விழும்போது ஊதாக் கருமையில் ஒரு பட்டுப் பளபளப்புத் தெரியும்; நண்பகலில் அது வெறும் கறை போலாகிவிடும். இனச்சேர்க்கைப் பருவத்தில் தன் எல்லையை விட்டு வெளியேறப் பார்க்கும் பெண் டோப்பியைத் தடுக்க, ஆண் டோப்பி, அங்கே இல்லாத ஒரு சிங்கத்தைக் கண்டதுபோல் எச்சரிக்கைச் சீறல் எழுப்பும் என்று மாராவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இதை அறிந்தவர், சீறல் கேட்டதும் சிங்கத்தைத் தேடி லென்ஸைத் திருப்பாமல் அந்த ஆணிடமே வைத்திருப்பார்.

மாராவின் குறை அதன் ஒளி. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடம் என்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக எழும்பிவிடும். நல்ல ஒளி காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். கன்சர்வன்சியில் தங்குவோர் விடியுமுன்னரே புல்வெளியில் நிற்கலாம் என்பது இந்தக் குறையைப் பாதி ஈடுகட்டுகிறது.

செரங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; அதை முழுதாக மாராவோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. மறிமான் படக்காரருக்கு உரிய பகுதி அதன் தென்கிழக்கு மூலையும், அதை ஒட்டி ங்கோரோங்கோரோ காப்புப் பகுதிக்குள் வரும் நுடுட்டுவுமே. எரிமலைச் சாம்பல் படிந்த இந்த மண்ணில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. புல் குட்டையாகவே வளரும். பாலூட்டும் தாய்க்கு வேண்டிய கனிமம் கிடைப்பதால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டபீஸ்டுகள் இங்கே வந்து, ஜனவரி இறுதிக்கும் மார்ச்சுக்கும் இடையே குட்டி ஈனுகின்றன. பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள், அதுவும் காலைப் பொழுதில் பிறக்கின்றன. ஈரம் காயாத குட்டி சில நிமிடங்களில் எழுந்து நிற்கிறது. பிறப்பைப் படமாக்க இதற்கு நிகரான இடம் வேறில்லை. குட்டைப் புல் என்பதால் குளம்பு வரை தெளிவாகத் தெரியும். மாராவின் நெடும்புல்லில் பாதி நாட்கள் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரிவதில்லை.

இங்கேயும் இரட்டைச் சட்டம் உண்டு. நுடுட்டுப் பக்கம் பருவத்தில் தடத்தை விட்டு இறங்கலாம். செரங்கெட்டி எல்லைக்குள் கூடாது. வேலி எதுவும் இல்லாத எல்லை என்பதால் அது தெரிந்த ஓட்டுநர் அமைவது முக்கியம். மழை பெய்தால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. வைல்டபீஸ்ட் குட்டி பிறந்தவுடன் தன்னருகில் நகரும் பெரிய உருவத்தின் பின்னே போகும் இயல்புடையது. தாய்க்கும் குட்டிக்கும் இடையே வண்டி புகுந்துவிட்டால் குட்டி வண்டியையே தாயென்று தொடரத் தொடங்கும். பிரிந்த குட்டியைக் கழுதைப்புலி எடுத்துக்கொள்ளும். கெசல் குட்டிகளோ இதற்கு நேர்மாறாகப் புல்லில் படுத்து ஒளிந்திருப்பவை. தடமில்லா நிலத்தில் விரையும் வண்டிக்கு அவை தெரியவே தெரியாது. மாராவின் கன்சர்வன்சியில் ஆதாயமென்று சொன்ன அதே சலுகை குட்டி ஈனும் இந்தப் பருவத்தில் நுடுட்டுவில் கத்தியாகிவிடுகிறது. மந்தையின் ஓரத்தில் இஞ்சினை அணைத்துக் காத்திருப்பவருக்கே, மந்தை தானே சூழ்ந்துகொள்ளும்போது நல்ல படங்கள் அமையும்.

ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கப்படும். புழுதி, நெரிசல், கரை முழுதும் வண்டிகள், தலைகளாக மட்டும் தெரியும் விலங்குகள். அது மறிமானின் படம் என்பதைவிட நிகழ்ச்சியின் படம். அந்தப் பருவத்தின் இரட்டைக் கட்டணத்தை வேறெதற்காவது செலவிடலாம்.

எட்டோஷா இவ்விரண்டோடும் எந்த வகையிலும் ஒத்ததன்று. 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பூங்காவின் நடுவே, 4,800 சதுர கிலோமீட்டர் அளவில் வெண்மையான உப்புப் படுகை. புல்வெளி அதன் ஓரங்களில் மட்டும்; மற்றவை முட்புதரும் மொபானே மரங்களும். இங்கே ஓட்டுநரும் வழிகாட்டியும் இல்லாமல், வாடகைக் காரை நாமே ஓட்டிச் செல்லலாம். மூன்றில் சிக்கனமானது இதுவே. மலிவான சிறிய காரின் தாழ்ந்த சன்னல், மேலே கணக்கிட்டபடி, ஸ்பிரிங்பாக்கின் கண்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பணம் கொடுத்தாலும் எளிதில் வாய்க்காத கோணம் இது. எட்டோஷா தெற்கே 19 பாகையில் இருப்பதால், ஜூன், ஜூலையில் நண்பகலிலும் சூரியன் ஏறத்தாழ 53 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மாராவில் மதியம் முகாமில் உறங்கும் நேரத்தில் இங்கே படமெடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் சாலையை விட்டு ஓரடி விலகக் கூடாது. காரை விட்டு இறங்கக் கூடாது. ஓய்வு முகாம்களின் கதவுகள் சூரிய உதயத்தில் திறந்து மறைவில் மூடும். மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் விலங்குகள் நீர்நிலைகளுக்கு வந்தே தீரவேண்டும் என்பதால் துரத்த வேண்டியதில்லை. சிக்கல் எதுவென்றால், சால்வடோரா, சூடா போன்ற புகழ்பெற்ற நீர்நிலைகள் படுகையின் தென்விளிம்பில் உள்ளன. வண்டி நிறுத்துமிடம் அவற்றுக்குத் தெற்கே. குளிர்காலச் சூரியன் வடக்கில் சரிந்து செல்வதால் அங்கே நாள் முழுதும் பக்கவொளியோ பின்னொளியோதான். வெள்ளைப் படுகையின் முன் கெம்ஸ்பாக்கின் நீண்ட நேர்க்கொம்புகள் கோட்டுருவமாக நிற்கும் படத்துக்கு இது வரம்; அதன் முகத்தின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை விவரத்தோடு எடுக்க விரும்புபவருக்குத் தலைவலி. படுகையின் வெண்மையைக் கண்டு கேமராவின் ஒளிமானி படத்தை இருட்டாக்கும்; வெள்ளை வெளுத்துப் போகாத எல்லைவரை ஒளியளவைக் கூட்டித்தான் ஆகவேண்டும். கானலும் இங்கேதான் கொடுமை.

லென்ஸைப் பொறுத்தவரை, மூன்று கிலோ எடையுள்ள 600 மில்லிமீட்டர் f/4 லென்ஸைக் கொண்டுபோவதா, 100–500 அல்லது 200–600 ஜூம் போதுமா என்ற வாதம் இடத்தைப் பொறுத்தே தீரும். நைரோபியிலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் பொதிக்கு 15 கிலோ வரம்பு, அதுவும் மென்பையில். மந்தை சூழும் நுடுட்டுவில் 600 நிலையாக இருந்தால் பாதிப் படம் போய்விடும், ஜூம்தான் சரி. எட்டோஷாவில் தொலைவை நாம் குறைக்க முடியாததால் 600 அங்கே தன் எடைக்கு ஈடு செய்யும். மாராவின் கன்சர்வன்சியில் எதுவும் நடக்கும். புழுதிக்கு மேலுறையாகத் துணிப் பை எடுத்துச் செல்லவேண்டும். கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்துவிட்டன.

ஒரே ஒரு பயணம் என்றால், ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ மாரா கன்சர்வன்சி ஒன்றில் ஐந்து நாட்கள் தங்குவதையே நான் தேர்வேன். பிறப்பைத் தவிர மற்ற எல்லாமே அங்கே அதிகக் கட்டுப்பாட்டோடு கிடைக்கும். காப்பகத்துக்குள் போகாவிட்டால் அதன் கட்டணமும் மிச்சம். பணம் குறைவாகவும் நாட்கள் அதிகமாகவும் இருப்பவர் ஜூலையில் எட்டோஷாவுக்குப் போகட்டும். வாடகைக்கு எடுக்கும்போது உயரமான வண்டியைத் தள்ளிவிட்டு, இருப்பதிலேயே தாழ்ந்த காரைக் கேட்டு வாங்கட்டும்.