டிவி வாங்கப் போகும்போது பிளேஸ்டேஷனையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்

முப்பதாயிரம் ரூபாய் பக்கம் வைத்துக்கொண்டு கேம் விளையாட நல்ல டிவி வாங்க முடியுமா என்றால், முடியும். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது 43 இன்ச், 4கே, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் மாறும்), கேம் மோடு உள்ள ஒரு சாதாரண எல்இடி டிவி. பிளேஸ்டேஷன் 5 மாட்டி விளையாடுகிறோம், நல்ல திருப்தி. கம்பெனி பேரும் மாடலும் எழுதவில்லை. மாடல் வருஷா வருஷம் மாறுகிறது, ஒரு எழுத்து மாறினாலே உள்ளே படம் காட்டும் பேனல் வேறாக இருக்கலாம், நீங்கள் போகும் நேரத்தில் அதே பெட்டி கடையில் இருக்குமா என்பதும் சந்தேகம். அதனால் எதைப் பார்த்து எடுத்தோம் என்பதைச் சொல்கிறேன், எந்தக் கம்பெனி டிவிக்கும் அது பொருந்தும்.

முதலில் பார்க்க வேண்டியது இன்புட் லேக். கன்ட்ரோலரில் பட்டனை அமுக்கினதற்கும் அது திரையில் தெரிவதற்கும் நடுவில் டிவி எடுத்துக்கொள்ளும் நேரம். டிவி தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை, மெருகேற்றி, கலர் கூட்டி, அசைவை வழவழப்பாக்கி அப்புறம்தான் காட்டும். சினிமா பார்க்கிறவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஆனால் நமக்கு அந்த நேரம்தான் எல்லாமே. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட். சாதாரண பிக்சர் மோடில் 100 மில்லிசெகண்ட் வரை இழுக்கிற டிவிகள் உண்டு, அப்படியென்றால் நீங்கள் பார்ப்பது ஆறு ஃபிரேம் பழைய படம். கேம் மோடு போட்டால் இந்த மெருகு வேலைகளை டிவி விட்டுவிடும், நல்ல டிவியாக இருந்தால் 10 முதல் 20 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். விலை குறைந்த டிவிகளிலும் இது கிடைக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் கிடைக்காது. பெட்டியிலும் எழுதியிருக்க மாட்டார்கள். பெட்டியில் போடுவது ரெஸ்பான்ஸ் டைம், அது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம், வேறு விஷயம்.

இதற்கு ஒரே வழி விளையாடிப் பார்ப்பதுதான். குளச்சல் பக்கம் இருக்கும் சித்தி மகனைக் கூட்டிக்கொண்டு, கன்சோல், கன்ட்ரோலர், எச்டிஎம்ஐ வயர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனோம். அவன் ஃபுட்பால் கேம் பைத்தியம். எங்கள் கடற்கரை ஊர்களில் பையன்கள் சாயங்காலம் மணலில் ஆடிவிட்டு ராத்திரி திரையிலும் அதையே ஆடுவார்கள். நாகர்கோவிலில் முதலில் போன ஒரு பெரிய கடையில், டெமோ பீஸில் எதுவும் மாட்டக் கூடாது, யூடியூபில் 4கே வீடியோ போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். யூடியூபில் மீன் நீந்துவதைப் பார்த்து லேக் எப்படித் தெரியும்? பட்டன் அமுக்கினால்தானே தெரியும். அங்கே வாங்கவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு வேலை நாளில் காலையிலேயே போய்க் கேட்டோம். கூட்டம் இல்லை, "மாட்டிப் பாருங்க தம்பி" என்று அவர்களே பிளக் எடுத்துக் கொடுத்தார்கள். பெனால்டி கிக் போட்டுப் பார்த்தோம். முதல் டிவியில் தம்பி பட்டனை விட்டபிறகும் ஆட்டக்காரன் ஒரு நொடி நின்று, அப்புறம் காலைத் தூக்குகிற மாதிரி இருந்தது. "அண்ணே, இவன் யோசிச்சிட்டுதான் உதைக்கான்" என்றான். மெனுவில் தேடிக் கேம் மோடு போட்டோம், பேருக்குத்தான் இருந்தது, நிறம் மட்டும் மாறியது, உதை அப்படியே தாமதம். பக்கத்தில் இருந்த அடுத்த டிவியில் மாட்டினோம். கேம் மோடு போட்டதும் பட்டனும் காலும் ஒன்றாகப் போயின. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை, முதல் டிவியின் பெட்டியில்தான் ஸ்டிக்கர் அதிகம். அங்கேயே முடிவு பண்ணிவிட்டோம். மாட்டிப் பார்க்க விடுகிற கடைக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

கடையில் மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எல்லா டிவியும் ஷோரூம் மோடில், வெளிச்சம் உச்சத்தில், நீலம் தூக்கலாக ஓடிக்கொண்டிருக்கும். ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லி, அப்புறம் கேம் மோடு போட்டு, அதன் பிறகு பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள். பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை அதிகம் வரும். ஐபிஎஸ் பேனல் என்றால் ஓரத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது, இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற வீட்டுக்கு அது நல்லது, ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்தில் வெளுக்கும், சிலவற்றில் இருட்டான இடத்தில் வேகமாக நகரும் உருவத்துக்குப் பின்னால் ஒரு நிழல் இழுக்கும். எங்களுடையது ஐபிஎஸ். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் பேய் கேம் ஆடினால் அந்தச் சாம்பல் தெரியத்தான் செய்கிறது. சாயங்காலம் நாலு பேர் கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்து ஆடும் வீட்டுக்கு நான் மறுபடியும் இதைத்தான் எடுப்பேன்.

120 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் உடனே மயங்க வேண்டாம். இந்த விலையில் பெரும்பாலும் பேனல் 60 ஹெர்ட்ஸ்தான், மோஷன் ரேட் என்று வேறு ஏதோ கணக்கைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். டிஎல்ஜி என்று ஒரு வசதியும் வருகிறது, அதில் 60 ஹெர்ட்ஸ் பேனலிலேயே 120 ஓடும், ஆனால் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும் பட வரிகளின் எண்ணிக்கை பாதியாகிவிடும். உண்மையான 4கே 120 வேண்டுமென்றால் பேனலும் அந்த வேகம் உள்ளதாக இருக்க வேண்டும், எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் வேண்டும், விலை வேறு வட்டத்துக்குப் போய்விடும். பிஎஸ்4, சுவிட்ச், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வைத்திருப்பவர்களுக்கும், பிஎஸ்5-ல் கதை கேமும் ஃபுட்பாலும் ஆடுகிறவர்களுக்கும் 60 தாராளம்.

32 இன்ச்தான் வைக்க முடியும் என்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எச்டி ரெடி என்று விற்பது பெரும்பாலும் 1366க்கு 768 பிக்சல். கன்சோல் அனுப்பும் 1920க்கு 1080 படத்தைச் சுருக்கித்தான் அது காட்டும், கேமில் மூலையில் வரும் சின்ன எழுத்துகளை வாசிக்கக் கண் வலிக்கும். ஃபுல் எச்டி என்று தெளிவாக எழுதிய 32 இன்ச் கடைகளில் குறைவாகத்தான் இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். 43 இன்ச்சில் 4கே வேண்டுமா, ஃபுல் எச்டி போதுமா என்பது நீங்கள் உட்காரும் தூரத்தைப் பொறுத்தது. ஐந்தரை அடி தாண்டினால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கு மெல்லப் பிடிபடாமல் போகும். ஆனால் நல்ல கேம் மோடு உள்ள டிவிகள் இப்போது பெரும்பாலும் 4கே-யில்தான் வருகின்றன, அதனால்தான் 4கே எடுத்தோம். அப்புறம், பழைய பெட்டி டிவிக்கு ஆசாரி செய்து கொடுத்த ஷோகேஸ் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது, 43 இன்ச் டிவியின் அகலம் மட்டும் 95 செ.மீ. பக்கம் வரும், டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஸ்மார்ட் வசதிக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். எங்கள் டிவியின் மெனு மெதுவாகத்தான் திறக்கும், கேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, யூடியூப் கன்சோலிலேயே ஓடும். எச்டிஎம்ஐ போர்ட் குறைந்தது மூன்று இருக்கிறதா என்று பாருங்கள், கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று போனால் கன்சோலுக்கு ஒன்று மிஞ்ச வேண்டும். சத்தம் சுமார்தான், வசனம் கேட்க வால்யூமைக் கூட்ட வேண்டியிருக்கிறது, நான் ஹெட்செட்டைக் கன்ட்ரோலரிலேயே மாட்டிக்கொள்கிறேன். எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) என்று பெட்டியில் எழுதியிருப்பதும் இந்த விலையில் பேருக்குத்தான், அதற்குத் தேவையான வெளிச்சம் பேனலில் இல்லை. கன்சோலில் அதை அணைத்து வைத்தபிறகுதான் படம் தெளிவாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு செட்டிங் கட்டாயம். பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் முழு வேகத்துக்குத் திறந்திருக்காது. சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர் என்று ஒவ்வொருவரும் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். கன்சோல் மாட்டிய போர்ட்டுக்கு அதைப் போட்டுவிட்டு, பிஎஸ்5 செட்டிங்கில் வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷனைத் திறந்து 3840க்கு 2160, 60 ஹெர்ட்ஸ் என்று வருகிறதா என்று பாருங்கள். திரையின் ஓரம் வெட்டுப்பட்டு ஸ்கோர் பாதி மறைந்தால் பிக்சர் சைஸை ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

விலை பற்றி: 32 இன்ச்சுக்கு மேல் உள்ள டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது, அதனால் 43 இன்ச்சுக்குப் போக இப்போது முன்னைவிடத் தயக்கம் குறைவு. ஓணத்துக்குத் திருவனந்தபுரம் கடைகளில் ஆஃபர் போடுவார்கள், மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்கள் போய் வாங்கி வருவது வழக்கம்தான். வாங்குங்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் கன்சோல் மாட்டிப் பார்க்க யாரும் விட மாட்டார்கள். இங்கே முன்னாடியே ஒரு கடையில் மாட்டிப் பார்த்து, பில்லில் வரவேண்டிய முழு மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை. காரில் கொண்டுவரும்போது பெட்டியைப் படுக்கப் போடாதீர்கள், நிமிர்ந்தே இருக்கட்டும்.

கடைசியாக இடி. குமரி மாவட்டத்தில் நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையிலும் சித்திரைக் கோடை மழையிலும் விழுகிற இடியைச் சொல்லவே வேண்டாம். கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். இடி கேபிள் வயர் வழியாகவும் வரும், செட்டாப் பாக்ஸுக்குள் போய் அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவியின் போர்டை அடித்துவிடும். டிவி ஆன் ஆகும், போர்ட் மட்டும் செத்துக் கிடக்கும், கேமருக்கு அதுதானே வேண்டும். இருட்டிக்கொண்டு வந்தால் டிவி பிளக், கன்சோல் பிளக், செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் வயர் மூன்றையும் கழற்றிவிடுங்கள், இன்டர்நெட் வயர் செம்புக் கம்பியாக இருந்தால் அதையும். தென்னமட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போய்ப்போய் வரும் நாளில் விளையாட்டை சேவ் பண்ணிவிட்டு கன்சோலை ரெஸ்ட் மோடில் (அரைத் தூக்கத்தில்) போடாமல் முழுசாக அணையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பயன்படுத்தாத எச்டிஎம்ஐ போர்ட்டுகளில் ரப்பர் மூடி போட்டுவையுங்கள், உப்புக்காற்று முதலில் பிடிப்பது அந்தத் தகரத்தைத்தான்.