ஜிமெயில் ஏபிஐ: மெயில் அனுப்புவது சுலபம், அனுமதி வாங்குவதுதான் வேலை

நம் ப்ரோகிராமிலிருந்தே ஜிமெயிலைப் பயன்படுத்த கூகுள் தருகிற வழிதான் ஜிமெயில் ஏபிஐ. அதில் மெயில் அனுப்புகிற கோடு என்று பார்த்தால் இருபது வரி கூட வராது. ஆனால் அதற்கு முன்னால் கூகுளின் கிளவுட் கன்சோலில் ப்ராஜெக்ட், கன்சென்ட் ஸ்கிரீன் (பயனரிடம் அனுமதி கேட்கும் பக்கம்), கிளையண்ட் ஐடி (ஆப்பின் அடையாளம்) என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வந்து ரன் பண்ணினால், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் 403 என்ற 'அனுமதி இல்லை' பிழைதான்.

இந்த ஏபிஐயில் எனக்குள்ள பெரிய குறையே அந்த எண்தான். ப்ராஜெக்டில் ஏபிஐயை எனேபிள் பண்ணவில்லை என்றாலும் 403, டோக்கனில் (லாகின் செய்ததும் கிடைக்கும் அனுமதிச் சாவி) ஸ்கோப் (எதெல்லாம் செய்யலாம் என்ற அனுமதி வரம்பு) போதவில்லை என்றாலும் 403, ரொம்ப வேகமாக அனுப்பினால் அதற்கும் 403 வரலாம். ஆகவே எண்ணை மட்டும் லாகில் (ப்ரோகிராமின் பதிவேட்டில்) போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், கூடவே ஜேசன் வடிவில் வரும் பதிலை முழுசாகப் பதியுங்கள். அதில் 'ரீசன்' என்று ஒரு இடம் இருக்கும், விஷயம் அங்கேதான் இருக்கிறது. 'ஆக்சஸ் நாட் கான்ஃபிகர்டு' என்றால் கன்சோலில் போய் எனேபிள் பண்ணிவிட்டுச் சில நிமிடம் பொறுத்தால் போதும். 'ரேட் லிமிட் எக்ஸீடட்' என்றால் அது அனுமதிப் பிரச்சினையே இல்லை, இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

'இன்சஃபிஷியன்ட் பெர்மிஷன்ஸ்' (அனுமதி போதவில்லை) வந்தால்தான் கொஞ்சம் உட்கார வேண்டும். கூகுளே தருகிற பைத்தான் குவிக்ஸ்டார்ட் உதாரணத்தில் இருப்பது ரீட்ஒன்லி ஸ்கோப், மெயிலைப் படிக்க மட்டும்தான். அதைக் காப்பி பண்ணி அனுப்புகிற வரியைச் சேர்த்தால் கண்டிப்பாக அடி வாங்கும். சரி என்று கோடில் ஸ்கோப்பை 'ஜிமெயில்.சென்ட்' என்று மாற்றி ஓட்டினாலும் அதே பிழைதான், ஏனென்றால் முன்பு லாகின் செய்தபோது சேமித்த டோக்கன்.ஜேசன் ஃபைல் அப்படியே கிடக்கிறது. அந்த டோக்கனை ரீஃப்ரெஷ் பண்ணினாலும் புதிய அனுமதி எதுவும் ஒட்டிக்கொள்ளாது. ஃபைலை அழித்துவிட்டு மறுபடி லாகின் செய்வதுதான் வழி. (உதாரணக் கோடிலேயே இதை கமென்டாக எழுதி வைத்திருக்கிறார்கள், கமென்டை யார் படிக்கிறார்கள்!) அதற்கும் மசியவில்லை என்றால் கூகுளின் டோக்கன்இன்ஃபோ முகவரியில் டோக்கனைக் கொடுத்துப் பாருங்கள், அதில் உண்மையில் என்னென்ன ஸ்கோப் இருக்கிறது என்று காட்டிவிடும். கன்சென்ட் ஸ்கிரீனில் பயனர் டிக் போடாமல் விட்டிருந்தாலும் இங்கே தெரிந்துவிடும்.

இந்த எரிச்சலில் மெயில்பாக்ஸ் முழுவதற்கும் அனுமதி கேட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அது 'ரெஸ்ட்ரிக்டட்' (கடும் கட்டுப்பாடு உள்ள) வகை, பொதுமக்களுக்கு ஆப் வெளியிடும்போது பாதுகாப்பு மதிப்பீடு வரை இழுத்துக்கொண்டு போகலாம். 'சென்ட்' அதைவிட ஒரு படி கீழே, 'சென்சிட்டிவ்' வகைதான். அனுப்ப முடியும், ஒரு மெயிலைக்கூடப் படிக்க முடியாது. இந்தப் பிரிவை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பதற்கு மட்டும் நான் முழு மதிப்பெண் தருவேன்.

சர்வீஸ் அக்கவுண்ட் (ஆள் இல்லாமல் ப்ரோகிராமே பயன்படுத்தும் கணக்கு) பக்கம் போனால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதுதான். அதற்குச் சொந்தமாக மெயில்பாக்ஸ் கிடையாது. ஒர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை) நிர்வாகி, அட்மின் கன்சோலில் டொமைன்-வைட் டெலிகேஷன் (நிறுவனப் பயனர்கள் சார்பில் செயல்படும் அனுமதி) பகுதியில் கிளையண்ட் ஐடியையும் ஸ்கோப்பையும் சேர்க்க வேண்டும், அப்புறம் கோடில் யார் பெயரில் அனுப்புகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னதை விட்டுவிட்டால் வருவது 400, 'ப்ரீகண்டிஷன் செக் ஃபெயில்ட்'. இதைப் படித்துவிட்டு அனுமதிப் பிரச்சினை என்று யாருக்குத் தோன்றும்? சாதாரண ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது, அவர்கள் ஓஆத் லாகின்தான் (பயனரே உள்ளே வந்து அனுமதி தருவது) செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஆப் 'டெஸ்டிங்' நிலையிலேயே இருந்தால் ரீஃப்ரெஷ் டோக்கன் (மறுபடி லாகின் கேட்காமல் புது டோக்கன் வாங்கித் தருவது) 7 நாளில் காலாவதி. ஒரு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று 'இன்வாலிட் கிரான்ட்' என்று நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சொந்தக் கணக்கிலிருந்து அறிவிப்பு, ரசீது மாதிரி அளவாக அனுப்புகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஆயிரக்கணக்கில் செய்திமடல் அனுப்பும் திட்டம் இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். சாதாரணக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 500, ஒர்க்ஸ்பேஸுக்கு 2000 என்று வரம்பு இருக்கிறது, எந்த ஸ்கோப் வாங்கினாலும் அது நகராது.