மக்குஷிட்டாவும் ஜூரியோவும்: ஒரு படி இடைவெளி

சுமோவின் ஆறு பிரிவுகளில் மேலிருந்து இரண்டாவது ஜூரியோ, மூன்றாவது மக்குஷிட்டா. இடையில் ஒரே படிதான், ஆனால் அதைத் தாண்டுவதற்குள் பலருக்கு இளமையே போய்விடும்.

மக்குஷிட்டா வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது, போட்டித் தொடருக்கு ஒரு சிறு படிப்பணம் மட்டும். 15 நாள் தொடரில் 7 மோதல்கள். கூட்டு அறையில் உறக்கம், மூத்தவருக்கு எடுபிடி வேலை, இடுப்பில் கறுப்புப் பருத்தித் துணி.

ஜூரியோவுக்கு ஏறினால் மாதம் 10 லட்சம் யென்னுக்கு மேல் சம்பளம், தனி அறை, பட்டு இடுப்புக்கச்சை. 15 மோதல்கள். அப்புறம் முக்கியமானது, எடுபிடிக்கு ஆள்! நேற்றுவரை முதுகு தேய்த்தவருக்கு இன்று வேறொருவர் தேய்ப்பார்.

சரி, விழுந்தால்? எல்லாமே பறிபோகும். முதல் பிரிவில் இரண்டாவது உயர்ந்த பட்டமான ஓசெக்கியாக இருந்த வீரர் தெருனோஃபுஜி, காயங்களாலும் நோயாலும் ஐந்தாம் பிரிவுவரை சரிந்தார். 2021-ல் உச்சப் பட்டமான யோகோசுனாவாகவே உயர்ந்தார்.