அம்மாவைப் பார்த்துப் பேசிய டாக்டர்

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போனபோதுதான் 71 வயது அம்மா கர்ப்பப்பை இறக்கத்தோடு ஒரு வருஷமாகக் கஷ்டப்படுவது தெரிந்தது. போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னிடம்தான் பேசினார். "கர்ப்பப்பையை எடுத்துடலாம், நீங்க இருக்கும்போதே முடிச்சுடலாம்." அம்மா தலையாட்டினார். நானும் லீவுக்குள் முடிந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன். வெளியே வந்ததும் அம்மா, "உடம்பு என்னோடது, என்னை யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்றார். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது. உள்ளே கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது நான்தான்.

தெரிந்தவர்களிடம் விசாரித்து இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "எது உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கு?" என்று கேட்டார். நான் வாய் திறக்கப் போக, "அவங்களே சொல்லட்டும்" என்றார். சதை இறங்குவதை விட, அடக்க முடியாமல் சிறுநீர் வருவதும், அதற்குப் பயந்து பஸ் ஏறாமல் இருப்பதும்தான் அம்மாவுக்குப் பெரிய வேதனை. எனக்கே அன்றுதான் தெரியும்.

அப்புறம் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, அவசரப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி ஒரு வழி. இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் சிலிகான் வளையம் வைத்துக்கொள்வது இன்னொன்று. அதற்கு மயக்க மருந்து வேண்டாம். ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும், வெள்ளைப்படுதலோ புண்ணோ வரலாம், முதல் அளவே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்தால் சுமார் 6 வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது, சிலருக்கு மறுபடியும் இறங்கலாம். இதை எதையுமே முதல் டாக்டர் சொல்லவில்லை.

"நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்றார் அம்மா. அப்படி விட்டுவிட நினைக்கும் பெண்கள் உண்டு, அதில் தப்பில்லை. இவர் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார், ஆனால் முடிவைத் தான் எடுத்துக்கொள்ளவில்லை. "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க."

நான்கு நாள் கழித்துப் போனோம். நான் வெளியே உட்கார்ந்தேன். வளையத்தை முதலில் வைத்துப் பார்ப்பதாக அம்மாவே சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியில், அதைத் தானே எடுத்து மாட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டதாகவும், அடுத்த தடவை சொல்லித் தருவதாக டாக்டர் சொன்னதாகவும் சொன்னார். நாங்கள் பஸ்ஸில்தான் வந்தோம்.