தூக்கிய வண்டிக்கு ஷாஃப்ட் கோணம்: ஆப்பா, இறக்கமா, டபுள் கார்டனா?

சஸ்பென்ஷனை மாற்றி நாலு அங்குலம் தூக்கிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதற ஆரம்பித்ததும், பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பினியனை மேலே திருப்பி ஆப்பு வை." பினியன் என்பது ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸிலின் பல்சக்கரத் தண்டு; ஆப்பு என்பது அதன் சாய்வை மாற்ற, கமான் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைக்கும் சரிவான தகடு. சில வண்டிகளுக்கு அது மருந்து. மற்றவற்றுக்கு நிஜமாகவே ஆப்பு. எனக்கு இரண்டாவது வகைதான் முதலில் அமைந்தது. 4 டிகிரி ஆப்பு வைத்துவிட்டு, முன்பைவிட மோசமாக உதறிய வண்டியோடு திரும்பி வந்து, அதே நாளில் கழற்றினேன்.

ஏன் என்று பார்த்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முனையில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் சாய்ந்த நிலையில் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்கும். 5 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.4 சதவீதம்கூட இல்லை. 10 டிகிரியில் 1.5 சதவீதம், 20 டிகிரியில் 6 சதவீதம். கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்கு. சாதாரண ஷாஃப்டில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட் இருப்பதால், முதல் ஜாயின்ட் கெடுத்ததை இரண்டாவது சரிசெய்கிறது. அதற்கு யோக்குகள் (ஜாயின்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும், அதாவது ஷாஃப்டை மாட்டும் இரண்டு தட்டுகளும், இணையாகவும் இருக்க வேண்டும். டபுள் கார்டன் ஷாஃப்டின் கதை வேறு. மேல்முனையில் உள்ள இரட்டை ஜாயின்ட் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்வதால், கீழே பினியன் ஷாஃப்டை நேராகப் பார்த்து நிற்க வேண்டும்.

ஆக, ஒரு ஷாஃப்டுக்குத் தேவை இணை, இன்னொன்றுக்குத் தேவை நேர். எது நம்மிடம் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கும் எந்தச் சாமானும் குருட்டு வைத்தியம்தான்.

ஆப்பு

கமான் பட்டை வண்டியில் வளைவு கூடிய பட்டை போட்டுத் தூக்கினால் ஆக்ஸில் ஹவுசிங் பெரிதாகத் திரும்புவதில்லை, கிட்டத்தட்ட நேராகக் கீழே போகிறது. இரண்டு ஃபிளாஞ்சும் பழையபடி இணையாகவே இருக்கும். கோணங்கள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடும். மேலே 11, கீழே 11 என்று வையுங்கள். இங்கே 4 டிகிரி ஆப்பு வைத்துப் பினியனைத் தூக்கினால் மேலே 11, கீழே 7. இந்த இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யாது. மிஞ்சுவதைக் கணக்குப் போட்டால், அதாவது இரண்டின் வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால், ஒரே ஒரு ஜாயின்டை 8.5 டிகிரியில் தனியாகச் சுற்ற விட்டதற்குச் சமம். பார்வைக்குக் கோணம் குறைந்தது போலத் தெரியும், உதறல் மட்டும் கூடும்.

அப்படியென்றால் ஆப்பு எங்கே உதவும்? நீளமான ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பு) போட்டதாலோ வேறு காரணத்தாலோ ஹவுசிங் திரும்பி இணை கெட்டிருந்தால், கெட்ட அளவுக்கு மட்டும் திருப்பி வைக்க உதவும். டபுள் கார்டன் போட்ட பிறகு பினியனை நேராக்கவும் உதவும். வாங்கினால் இரும்பில் வாங்குங்கள், அலுமினிய ஆப்பு நாளடைவில் விரிசல் விட்டு நசுங்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இறக்கம்

கிராஸ் மெம்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்து கியர்பாக்ஸின் பின்பக்கத்தை இறக்குவது. மிக மலிவான வழி, ஒரு மதியத்தில் முடியும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். இதன் பலன் ஷாஃப்டின் நீளத்தைப் பொறுத்தது. 500 மி.மீ. ஷாஃப்டில் 25 மி.மீ. இறக்கினால் கிட்டத்தட்ட 3 டிகிரி குறையும். 1,200 மி.மீ. ஷாஃப்டில் 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். (தூக்கியதால் வந்த கெடுதிக்கும் இதே கணக்குதான். 100 மி.மீ. லிஃப்ட் குட்டை ஷாஃப்டுக்கு 11 டிகிரி, நீள ஷாஃப்டுக்கு 5 டிகிரிக்கும் கீழே. அதனால்தான் நீளமான பிக்கப் அலட்டிக்கொள்ளாத லிஃப்டுக்கு, குட்டையான ஜீப் ராங்ளர் டிஜே பாடாய்ப் படும்.)

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கியர்பாக்ஸ் எஞ்சின் மவுண்டை அச்சாகக் கொண்டு சாய்கிறது. பின்பக்க ஃபிளாஞ்ச் இன்னும் கீழ் நோக்கிப் பார்க்கும், அதனால் இணை கெடும். அந்தச் சாய்வு ஒன்றரை டிகிரி என்றால், பினியனையும் அதே ஒன்றரை டிகிரி தூக்கியாக வேண்டும். ஆப்பும் இறக்கமும் எதிரிகள் இல்லை, ஜோடி. முன் ஷாஃப்டுக்கோ இது கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. உயரம் குறைந்த லாபத்தில் பெரும்பகுதியை, ஃபிளாஞ்ச் மேல் நோக்கிச் சாய்ந்த நஷ்டம் விழுங்கிவிடும். தூக்கிச் சம்பாதித்த கிளியரன்ஸில் ஒரு அங்குலம் வண்டியின் நடு வயிற்றிலேயே போவதும், ஃபேன் கவசத்தில் உரசுவதும், லீவர் இணைப்பு இழுபடுவதும் தனி. எனக்கு இது வைத்தியம் இல்லை, சோதனை. இறக்கினால் உதறல் குறைகிறதா? சரி, குற்றவாளி கோணம்தான்.

டபுள் கார்டன்

குட்டை ஷாஃப்ட், 75 மி.மீ.க்கு மேல் லிஃப்ட் என்றால் நான் நேராக இங்கேதான் வருவேன். ஷாஃப்ட் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது சாதாரண ஜாயின்டுக்கு ஏற்ற உச்சக் கோணம் சுமார் 6 டிகிரி என்பது பொதுவான அளவுகோல். இணை பிசகாமல் இருந்தாலும் 11 டிகிரியில் நடு ஷாஃப்டே ஏறி இறங்கி ஓடும். அந்த அதிர்வை எந்த ஆப்பும் போக்காது.

செலவு இங்கேதான் கடிக்கும். ஷாஃப்ட் மட்டும் போதாது. என்பி231 ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள ஜீப்புகளில் வால்பக்கம் முன்னும் பின்னும் நழுவும் ஸ்லிப் யோக் வருவதால், அதை எடுத்துவிட்டு நிலையான யோக் போடும் கிட் வேண்டும், கேஸைப் பிரிக்க வேண்டும். பினியனைத் திருப்பப் பட்டை வண்டிக்கு ஆப்பு, காயில் ஸ்பிரிங் வண்டிக்கு, ஆக்ஸிலைப் பிடிக்கும், நீளம் மாற்றக்கூடிய ஆர்ம். காயில் வண்டியில் அந்த ஆர்மைத்தான் நான் விரும்புவேன், கால் டிகிரிவரை நிதானமாகத் திருகி நிறுத்தலாம். பினியனை ஷாஃப்டின் கோட்டிலிருந்து 1 அல்லது 2 டிகிரி கீழே விட்டு வையுங்கள், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது அது தானே மேலே எழும். பினியன் அதிகம் நிமிர்ந்தால் முன் பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது, ஹவுசிங்கில் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். இரட்டை ஜாயின்டின் நடுவில் உள்ள பந்துக்கு கிரீஸ் அடிக்க மறந்தால் இத்தனை செலவும் வீண்.

முன்பக்கம் வேறு கணக்கு

ஜிம்னி, லேண்ட் க்ரூஸர் 80, பழைய டிஃபெண்டர் ஆகியவற்றில் முன் ஆக்ஸிலைப் பிடிப்பது ரேடியஸ் ஆர்ம், அதாவது ஆக்ஸிலோடு இறுக்கமாகப் பிணைந்த நீளமான கை. தூக்கியதும் ஆக்ஸில் முழுதாகத் திரும்பும். பினியன் மேலே போகும், கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்கு வர மறுக்கும். துளை விலகிய கேஸ்டர் புஷ் போட்டால் ஸ்டியரிங் சரியாகும், பினியன் மறுபடி கீழே போகும். தொழிற்சாலையில் ஃபிளாஞ்சுகள் இணையாக வைக்கப்பட்ட ஷாஃப்டுக்கு இது நல்லதே, பழைய இணை திரும்பும். டபுள் கார்டனுக்கு நேர் எதிர். இரண்டையும் திருப்திப்படுத்த ஒரே வழி, சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் முனையை வெட்டித் திருப்பி வெல்டு செய்வது. அச்சு பிசகினால் வண்டியே போச்சு, அதனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மோதல் வந்தால் கேஸ்டருக்கே முதல் மரியாதை. முன் சக்கர ஹப்பை விடுவிக்கக்கூடிய வண்டியில் முன் ஷாஃப்ட் சாலையில் சுற்றப்போவதில்லை. டிஃபெண்டர் போல எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டியில்தான் இந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று, முன் ஷாஃப்டைக் கழற்றும் முன் யோக்குகளில் குறி போடுங்கள். சில வண்டிகளில் தொழிற்சாலையே அவற்றை நேர்கோட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கும். "தப்பாக மாட்டியிருக்கிறார்கள்" என்று நேராக்கிப் புது உதறலை வாங்கியவர்கள் உண்டு.

எதைப் போட்டாலும் அளப்பது சமதளத்தில், சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போது. அப்புறம் சேஸிஸை ஜாக்கியில் ஏற்றி, ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டு, ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது யோக் இடித்து நின்றால், அந்த இடத்துக்கு முன்பே ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்தும் வார் (லிமிட் ஸ்ட்ராப்) ஒன்று கட்ட வேண்டும்.